2003 வீரா: ஆறு வருஷத்துக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 2019-இல் 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய புரோட்டோன் வீரா 1.5 கார் இன்னும் என்னிடம்தான் ஓடுகிறது. வாங்கியபோது மீட்டரில் 2,11,000 கிலோமீட்டர். இப்போது 2,90,000-ஐத் தாண்டிவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலை, செம்பனை லோரிகளின் பின்னால் ஊர்வது, வாரம் ஒருமுறை ஈப்போ. அதுதான் அதன் பிழைப்பு.

விற்றவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). "ஒன்னும் பிரச்சினை இல்ல தம்பி, ஓட்டிப் பாரு" என்றார். டவுனைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டினேன். ஏர்கோன் குளிர்ந்தது, வானொலி பாடியது, அதிலேயே மயங்கிவிட்டேன். என்ஜினின் ரப்பர் வாரான டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் "ஞாபகம் இல்லப்பா" என்று உள்ளதைச் சொல்லியிருப்பார். பொய் பேசுகிற ஆள் இல்லை அவர்.

மூன்றாம் மாதம் கோலகங்சார் போகும் வழியில் பெல்ட் அறுந்து காடி (கார்) நின்றது. பட்டறை மெக்கானிக்கான போமன் அதைக் கழற்றி என் கையில் வைத்தார். பாளம் பாளமாக வெடித்திருந்தது. "கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லண்ணே, வருஷமும் கணக்கு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ இங்க கொண்டாந்திருக்கலாம்ல?" இழுவைக் கூலி, பெல்ட், பேரிங், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து 700 வெள்ளிக்கு மேல் போனது.

"புஸ்பாகோம் பாஸ் ஆன காடிதானே மச்சான்?" என்று என் மனைவியின் தம்பி கேட்டான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் பெயர் மாற்றுவதற்காக நடந்த அந்த பி5 சோதனை, என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிராண்டோடு (பதிவு அட்டையோடு) ஒத்துப்போகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. பெல்ட்டின் வயதை அது சொல்லாது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நடுவர் மன்றம் வரை போகலாம். தனியாள் வீட்டு வாசலில் கைகுலுக்கி வாங்கியதற்கு அந்த வழி இல்லை.

கால் விரிப்பையும் நான் தூக்கிப் பார்க்கவில்லை. 2021-இல் தூக்கியபோது அடியில் செம்மண் ஈரம் ஊறி, ஓட்டுநர் பக்கத் தகரம் விரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. வெல்டிங் வைத்தோம். அதே வருஷம் ரேடியேட்டர், பிறகு முன்பக்க அப்சோர்பர்.

இருந்தாலும் வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சின்ன டவுனில் எந்தப் பட்டறையில் விட்டாலும் வீராவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். சாமான் மலிவு. வெட்டிய பழைய காடிகளின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்காத உருப்படி இல்லை.

போன மாதம் அதே மச்சான் ஒரு பழைய புரோட்டோன் வாஜா காடி பார்க்கப் போனான். நானும் போமனும் கூடவே போனோம். என்ஜின் ஆறிக் கிடந்தது. போமன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது, உள்ளே பழுது என்பதற்கு அடையாளம். விற்க வந்தவர் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் ரொட்டி சானாய், மூன்று பேருக்கும் மச்சான் கணக்கு.