தினம் ஒரு மணி நேரமா, சனி ஞாயிறு மட்டுமா, ராத்திரிப் பூட்டா?

ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை கேம் ஆடுகிற வீடுகளில் பெரும்பாலும் மூன்று சட்டங்களில் ஒன்றுதான் நடப்பில் இருக்கும். தினம் ஒரு மணி நேரம். இல்லையென்றால் சனி ஞாயிறு மட்டும். அதுவும் இல்லையென்றால், எவ்வளவு வேண்டுமானாலும் ஆடு, ராத்திரி ஒன்பதுக்குப் போன் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பிள்ளை எந்த கேம் ஆடுகிறது என்பது தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் எராங்கல் வரைபடத்தில் ஒரு கிளாசிக் மேட்ச், சுருங்கிக்கொண்டே வரும் ஆடுகளத்தின் கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்தால், சுமார் அரை மணி நேரம் ஓடும். அதே கேமில் டிடிஎம் என்ற, இரண்டு அணிகள் மோதும் குட்டி மேட்ச் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கால் மணி நேரத்தை ஒட்டி வரும். ஆளுக்குப் பத்து நிமிடக் கடிகாரம் வைத்த செஸ், எவ்வளவு இழுத்தாலும் இருபது நிமிடம். மைன்கிராஃப்டுக்கு முடிவே கிடையாது. ஆனால் தனியாக ஆடும்போது எந்த நொடியிலும் நிறுத்தலாம், கட்டிய வீடு மறுநாளும் அங்கேயே இருக்கும்.

இப்போது ஒரு மணி நேரச் சட்டத்தை பிஜிஎம்ஐ மேல் வைத்துப் பாருங்கள். நண்பர்கள் லாபிக்கு, அதாவது மேட்சுக்கு முன் கூடும் இடத்துக்கு, வந்து சேர ஐந்து நிமிடம். முதல் மேட்ச் முப்பது. இரண்டாவது மேட்சில் வட்டம் சுருங்கி ஆறேழு பேர் மிஞ்சியிருக்கும்போது டைமர் அறுத்துவிடும். அரைக்கிணறு தாண்டிய கதை. ரேங்க் புள்ளி போகும், நால்வர் அணியான ஸ்குவாடில் மற்ற மூவரும் திட்டுவார்கள், பிள்ளை கதவை அறையும். ‘அடிமையாகிவிட்டான்’ என்று வீட்டார் பதறும் கோபத்தில் கணிசமான பங்கு இந்தக் கணக்குப் பிழையால் வருவது. மணியை விட்டுவிட்டு மேட்சை எண்ணினால் இது தீரும்: பள்ளி நாளில் ஒரு கிளாசிக், அல்லது மூன்று டிடிஎம்.

கருவிகளிலும் ஓட்டை உண்டு. ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங் டைமரைப் பிள்ளையே தட்டி நீக்கிவிடலாம். பெற்றோர் போனிலிருந்து இயக்கும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியும், தனிக் கடவுக்குறி வைத்த ஐபோன் ஸ்கிரீன் டைமும் அவ்வளவு எளிதில் அசையாது. வைஃபை ரூட்டரில் நேரம் வைப்பது வீண். மொபைல் டேட்டா இருக்கிறது, ஒரு மேட்ச் தின்னும் டேட்டாவும் சொற்பம்.

மணிக்கணக்கே சரியான அளவுகோலா என்பதும் சந்தேகம். 7 கேம்களின் உண்மையான ஆட்டப் பதிவுகளை வைத்து, கிட்டத்தட்ட 39,000 பேரிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆடிய நேரத்துக்கும் மனநலத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை. அவர்கள் பெரியவர்கள், பதின்வயதுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அங்கே தெரிகிறது: அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? கிரிக்கெட்டிலிருந்தா, தூக்கத்திலிருந்தா?

சனி ஞாயிறு சட்டத்தை நாடளவில் செய்து பார்த்தது சீனா. 2019-இல் பள்ளி நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தார்கள். 2021 செப்டம்பரில், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைனில் ஆடலாம் என்று இறுக்கினார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் கணக்கில் நுழைந்தார்கள், கணக்கு வாடகைக்கும் கிடைத்தது. முதல் விதிக்குப் பிறகு அளவுமீறி ஆடுவது குறைந்ததற்குச் சான்றில்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது.

வீட்டில் இந்தச் சட்டம் தோற்பதற்குக் காரணம் வேறு. தினசரி மிஷன், தினசரி பரிசு என்று நாளுக்கு நாள் இழுக்கும் கேமில் ஐந்து நாள் விட்டதைப் பிள்ளை சனிக்கிழமை ஈடுகட்டப் பார்க்கும். சனி ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி ஞாயிறு பத்துக்கு எழுந்தால் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும். ஞாயிறு இரவு படுத்தாலும் தூக்கம் வராது, திங்கள் முதல் பீரியட் போச்சு. கதை வைத்து நகரும் கன்சோல், பிசி கேம்களுக்கு இந்தக் கோளாறு குறைவு. பொதுத்தேர்வு ஆண்டில், ஜனவரி முதல் மார்ச் வரை, அந்த வகை கேமோடு இந்தச் சட்டத்தைச் சேர்த்து வைக்கலாம்.

இரவுப் பூட்டு மூன்றாவது. தென்கொரியா 2011 நவம்பரில் 16 வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம்களை மூடியது. மொபைல் கேம் விதிக்குள் வரவில்லை, பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தவர்களும் உண்டு. பத்தாண்டு கழித்துச் சட்டத்தையே கைவிட்டார்கள். ஆனால் அரசு செய்ய முடியாத ஒன்றை வீடு செய்யலாம்: கருவியையே படுக்கையறையை விட்டு வெளியே எடுப்பது.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மூளையில் பதியும் வேலையில் முக்கியமான பங்கு தூக்கத்தில் நடக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து டியூஷன் போகும் பிள்ளை என்றால், எட்டு மணி நேரத்துக்கே இரவு 9.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே பிந்தித்தான் வரும் என்பதால், குற்றம் முழுக்க போன் மேல் இல்லை. அந்த டியூஷன் மேலும் கொஞ்சம் உண்டு. பூட்டு 9 மணி என்றால் கடைசி கிளாசிக் மேட்ச் 8.20-க்குள் தொடங்க வேண்டும். இதைச் சொல்லாமல் 9-க்குக் கையை நீட்டினால் பழைய சண்டைதான். ‘அலாரம் வைக்கணும்’, ‘வகுப்பு குரூப்பில் நோட்ஸ் வரும்’ என்ற இரண்டு சாக்கும் உறுதியாக வரும். முன்னதற்கு ஒரு மேசைக் கடிகாரம், பின்னதற்கு 8.45-க்கு நோட்ஸை இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம். பாட்டியின் போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஏற வேண்டும். பெற்றோருடையதும் அங்கே இருந்தால் பேச்சு எடுபடும்.

எனவே முதலில் இரவுப் பூட்டு, அதற்குள் மேட்ச் கணக்கு. எல்லாப் பிள்ளைக்கும் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

பூட்டு காப்பாற்றாதவை சில. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டர் தூரத்தில் எதையாவது 20 நொடி பார்ப்பது. கிட்டப்பார்வை வராமலிருக்க அதைவிடப் பெரிது பகல் வெளிச்சத்தில் விளையாடுவது. காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, சிறுவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபல். எதிரியின் காலடி கேட்பதற்காக ஒலியை ஏற்றுவார்கள், அடுத்து வருவது துப்பாக்கிச் சத்தம்.

எந்தச் சட்டமும் பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேமைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்தபின்னும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாகப் 12 மாதம் நீடித்து, படிப்பும் குடும்ப வாழ்க்கையும் கணிசமாகப் பாதிக்கப்பட்டால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அதை நோய் என்கிறது. சந்தேகம் இருந்தால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் இரண்டு வாரத்துக்குப் பிள்ளை தூங்கிய நேரம், எழுந்த நேரம், போகாத வகுப்பு, விட்ட சாப்பாடு இவற்றைக் குறித்து வைத்திருங்கள். முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இவைதான்.