மண்டபத்து மாடியில் மூன்று கிலோவாட் சோலார்: பதினெட்டு மாதம் கழித்து

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன். மண்டபத்தில் பட்டறை, வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். மாடியில் சோலார் போட்டுத் தந்தது ராமநாதபுரம் டவுனில் உள்ள ஒரு கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. திட்டவும் விஷயம் இருக்கிறது, பாராட்டவும் இருக்கிறது.

540 வாட் பேனல் ஆறு, மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ஒன்று. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கணக்கில் ஏறிவிட்டது. நல்ல வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் 5, 6 என்று படுத்துவிடும். பேனலிலும் இன்வெர்ட்டரிலும் இன்றுவரை கோளாறு இல்லை. கடையில் அரை மணி நேரம் பேசியதும் அவற்றைப் பற்றித்தான். தாங்கி நிற்கிற சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாவது மாதம் துணி காயப்போடப் போன என் மனைவி, "என்னங்க, சோலாரு வெத்தலை போட்டுத் துப்பியிருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஜி.ஐ. (துத்தநாகம், அதாவது ஜிங்க் பூசிய இரும்பு) கால்களில் செம்மண் நிறத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. ஸ்பேனர் வைத்து ஒரு நட்டைத் திருகினேன், முனை மழுங்கி மாவு மாதிரி உதிர்ந்தது. பளபளவென்று வெள்ளையாக இருந்தாலே துருப்பிடிக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். அது மேலாக ஜிங்க் முலாம் பூசிய சாதா போல்ட். மதுரையில் பத்து வருஷம் நிற்கலாம். இங்கே ஒரு கச்சான் காற்று சீசனைத் தாண்டவில்லை.

துரு தொடங்கிய இன்னொரு இடம், பைப்பை அறுத்த வாயும் துளை போட்ட ஓரமும். ஜி.ஐ. என்பது மேலே இருக்கிற துத்தநாகத் தோல்தான். கிரைண்டர் பட்ட இடத்தில் வெறும் இரும்பு. படகின் அடியில் நாங்கள் ஜிங்க் கட்டி வைப்பது, அது கரைந்து மற்ற இரும்பைக் காப்பாற்றட்டும் என்றுதான். அந்தத் தோலைச் சீவிவிட்டு அப்படியே விட்டால் என்ன ஆகும்? அளவெடுத்துத் துளை போட்ட பிறகு முலாமில் முக்கி எடுத்துக் கொண்டுவர வேண்டும். மாடியில் அறுத்தே தீர வேண்டுமென்றால் அன்றைக்கே ஜிங்க் பெயின்ட் அடிக்க வேண்டும். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற எத்தனை பெயின்ட் அடித்தார்கள்! கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆனது. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், வேலை நடந்த அன்றே இதைக் கவனித்திருக்க வேண்டும். என் தப்பும் உண்டு.

அன்றைக்கு நான் கவனித்தது வேறு. வந்த பையன்கள் மூன்று பேர். படிக்கட்டு குறுகல் என்று மத்தியானம் மூன்று மணிக்குப் பேனலைக் கயிறு கட்டி வெளிச்சுவர் வழியாக இழுக்கத் தொடங்கினார்கள். ஏழரை அடி நீளம், கிட்டத்தட்ட 28 கிலோ. காற்றில் அது பேனல் இல்லை, படகுப் பாய். முதல் பேனல் பாதி ஏறும்போதே அரை வட்டம் சுற்றியது. மேலே நின்ற பையன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பிடிக்கப் பார்த்தான். இடுப்பில் பெல்ட் கிடையாது. "தம்பி, இறக்கு. காலையில பாத்துக்கலாம்" என்றேன். முகம் சுளித்தார்கள். ஆனால் மறுநாள் ஆறு மணிக்கே வந்து, ஒரு பேனலுக்கு இரண்டு பேராகப் படிக்கட்டிலேயே நிமிர்த்தி ஏற்றிவிட்டார்கள். ஒருவன் பின்னால் தொங்கும் ஒயரைப் பிடித்துத் தூக்கினான், அதையும் தடுத்தேன். ஒயர் புறப்படுகிற, பேனல் முதுகில் உள்ள பெட்டிக்குள் இணைப்பு விட்டுப்போனால் கண்ணாடிக்கு மேலிருந்து ஒன்றும் தெரியாது.

கரன்ட் விஷயத்தில் மட்டும் அவர்களிடம் குறை சொல்ல மாட்டேன். ஆறு பேனலை வரிசையில் கோத்தால் 290 வோல்ட் டி.சி. சும்மா நிற்கும். வெளிச்சம் இருக்கிறவரை பேனலை அணைக்க முடியாது. தலைமை வேலைக்காரப் பையன் இன்வெர்ட்டரையும் டி.சி. சுவிட்சையும் அணைத்த பிறகுதான் கனெக்டரில் கை வைத்தான். ஓடும்போது பிடுங்கினால் நெருப்பு விசிறும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தான்.

இடத்தைத் தேர்ந்தது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. எட்டடி உயரத்தில் நிறுத்தினால் கீழே கருவாடு காயப்போடலாம் என்பது அவள் கணக்கு. கடைக்காரரும் சரி என்றார், உயரத்துக்குத் தனிக் காசு. நான் ஒப்பவில்லை. உயரம் கூடக்கூட காற்றின் பிடி கூடும். மாடியின் ஓரமும் மூலையும்தான் காற்று தூக்குகிற இடம். அதனால் சுவரிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, தெற்குப் பார்த்து, 10 டிகிரி சாய்வு. நம் ஊருக்கு அதற்கு மேல் சாய்வு தேவையில்லை. கால்களுக்குத் தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டை போட்டது நல்ல வேலை; துளைத்திருந்தால் உப்பு ஈரம் தளத்துக்குள் இருக்கிற கம்பிவரை இறங்கியிருக்கும்.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: கரன்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் கை வைத்திருக்கும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நியாயம்தான். ஆனால் புயலுக்குப் பயந்து சோலார் போடுகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளட்டும். பேட்டரி தனிச் செலவு.

துரு விவகாரத்துக்கு நாலு தடவை போன் போட்டேன். ஐந்தாவது தடவை நானே உதிர்ந்த நட்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அதன் பிறகு பேச்சு மாறியது. எல்லா போல்ட்டும் உப்புக்காற்றை நன்றாகத் தாங்குகிற 316 ரக ஸ்டெயின்லெஸ், பொருளுக்குப் பாதிக் காசு நான், கூலி அவர்கள். சாதா 304 போதும் என்றார் கடைக்காரர். எங்கள் படகுகளில் 304 டீக்கறை மாதிரி பழுப்புத் துரு பிடிப்பதைத் தினம் பார்க்கிறேன், வேண்டாம் என்றேன். ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்டுப் போல்ட்டில் முடுக்கினால் பாதியில் கவ்விக்கொண்டு கழற்றவும் வராது. மூன்றாவது போல்ட்டில் அப்படியே ஆனது, அறுத்து எடுத்தோம். அப்புறம் பட்டறையிலிருந்து கிரீஸ் கொண்டுவந்தேன்.

மாற்றி ஒன்பது மாதம் ஆகிறது, கோடு இல்லை. எர்த் கம்பியின் கிளாம்ப் மட்டும் பச்சை பூத்திருக்கிறது. சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்கள்.