ட்ரக்கில் 144 என்று இருந்தது, அளந்தால் 203 மில்லிமீட்டர்: ஸ்கேட்போர்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஒரிஜினல் என்று சொல்லி விற்ற ட்ரக் (பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகம்) உடைந்து விழுந்ததில் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையால் மட்டும் தட்டுவதால் இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆகிவிட்டது. நீளமான பதிவுதான், ஆனாலும் முழுதாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பிள்ளைக்கு முதல் போர்டு வாங்கப்போகும் அப்பா அம்மா கட்டாயம் படிக்க வேண்டும்.

நான்கு வருடமாக தண்டர் என்ற பிராண்ட் ட்ரக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை லேசாக அழுத்தினால் உடனே திரும்பும், அதே வேகத்தில் நேராகிவிடும். படிக்கட்டு, திண்டு என்று தாவி விளையாடுவதற்கு அருமையான ட்ரக். ஆனால் பெரிய வளைவாகச் சாய்ந்து போக நினைத்தால் ஒரு கட்டத்துக்கு மேல் விடாது. கோவளத்தில் அலைச்சறுக்கு செய்யும் நண்பன் ஒருவன் ஏஸ் பிராண்ட் ட்ரக் வைத்திருக்கிறான். அதில் ஏறிய முதல் நிமிடமே வித்தியாசம் தெரிந்தது. எடை சாய்ந்த கணத்திலேயே திரும்ப ஆரம்பிக்கிறது, சாயச் சாய இன்னும் உள்ளே போகிறது. இன்டிபென்டன்ட் பிராண்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் என்பது என் அனுபவம். தொடக்கத்தில் கொஞ்சம் பிடித்து நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் ஒரே சீராக ஆழமாகத் திரும்பும். வென்ச்சர் நேராக ஓட நன்றாக இருக்கும், வளைவு எனக்குப் போதவில்லை.

ஏன் இப்படி ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்று கேட்பவர்களுக்கு: பலகையில் திருகியிருப்பது பேஸ்பிளேட். சக்கரங்களைத் தாங்குவது ஹேங்கர். ஹேங்கரின் மூக்கு பேஸ்பிளேட்டில் உள்ள பிவட் கப் என்ற சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். நடுவில் கிங்பின் என்ற தடித்த போல்ட், அதைச் சுற்றி மேலும் கீழும் இரண்டு புஷிங், அதாவது ரப்பர் மாதிரியான வளையங்கள். நாம் சாயும்போது ஒரு பக்கம் புஷிங் நசுங்குகிறது, ஹேங்கர் சாய்வான அச்சில் சுழல்கிறது, சக்கரங்கள் மாட்டியிருக்கும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் எதிரெதிராகத் திரும்பி வளைவைத் தருகின்றன. அந்த அச்சின் கோணம், ஹேங்கரின் வடிவம், புஷிங்கின் கடினம் மூன்றும் சேர்ந்ததுதான் நம் காலுக்குத் தெரியும் 'ஃபீல்'. நசுங்கிய புஷிங் மறுபடி எழும்பினால்தான் போர்டு நேராகும். என் கதையில் எழும்பவில்லை.

என் டெக், அதாவது பலகை, 8.25 அங்குல அகலம். அதற்குப் பொருந்தும் அளவான ஏஸ் 44 கேட்டு ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் பேசினேன். "அது ஸ்டாக் இல்ல ப்ரோ, இன்டி 144 இருக்கு, ஒரிஜினல், டர்னிங் அதே மாதிரிதான் இருக்கும்" என்றார். இன்டி என்றால் இன்டிபென்டன்ட். அதே மாதிரி இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் 1978ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பெயர், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று ஜோடிக்கு 6,200 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டி வந்தது, முத்திரை இருந்தது, மாட்டினேன். முதல் நாளே கால் சொல்லிவிட்டது. அழுத்துகிறேன், ஒன்றுமில்லை. இன்னும் அழுத்துகிறேன், மரக்கட்டை மாதிரி நிற்கிறது. சட்டென்று ஒரு பக்கமாகச் சரிகிறது, சரிந்தது நேராக வரவில்லை. புது புஷிங் பழகப் பத்து நாள் ஆகும் என்பது உண்மைதான், அதனால் பொறுத்தேன். விற்றவரிடம் கேட்டேன். "நட்டை லூஸ் பண்ணுங்க ப்ரோ, செட் ஆயிடும்." லூஸ் செய்தேன். அப்போது சாய்ந்தால் சக்கரம் டெக்கில் உரசி நின்றது. மறுபடி இறுக்கினேன். நட் சுற்றும்போதே மரை வழுக்குவது கைக்குத் தெரிந்தது. அன்றைக்கே கழற்றி வைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணி, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. வேகம்கூட இல்லை, சாதாரண வளைவு. முன் ட்ரக்கின் கிங்பின் இரண்டாக உடைந்து ஹேங்கர் தனியாக உருண்டு போனது. நான் கையை ஊன்றி விழுந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அவரை மறக்க மாட்டேன்.

ஒரிஜினல் கிங்பின்னும் உடையும். ஆனால் பல வருடம் அடி வாங்கிய பிறகு. பன்னிரண்டு நாளில் உடைவது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து அளந்தேன். இன்டிபென்டன்டில் 139 என்றால் ஆக்சில் முனையிலிருந்து முனைக்கு 8 அங்குலம், 144 என்றால் 8.25, 149 என்றால் 8.5. என் ட்ரக்கில் 144 என்று பொறித்திருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 210 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 203. அதுவும் ஹேங்கரின் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சில் வலதைவிட 3 மில்லிமீட்டர் அதிகம். புஷிங்கை நகத்தால் அழுத்தினேன், ரப்பர் மாதிரி கொடுக்கவே இல்லை, கடினப் பிளாஸ்டிக். கிங்பின் நட்டின் உள்ளே நைலான் வளையம் கிடையாது, அது இல்லாவிட்டால் அதிர்விலேயே நட் கழன்றுகொள்ளும். இவை எல்லாவற்றையும் மாட்டுவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். ஒரு ஸ்கேலும் ஐந்து நிமிடமும் போதும்.

படங்களோடு விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் "நீங்க லூஸா வச்சு ஓட்டினதாலதான்" என்றார். லூஸ் செய்யச் சொன்ன அவருடைய செய்தியையே திருப்பி அனுப்பினேன். "யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல" என்றார். அளவைப் பற்றிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். பில் தரவே இல்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. கையில் இருப்பது யுபிஐ ரசீதும் உரையாடலும்தான். அவற்றை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, அதனால் தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இருபத்தாறு வயது, எலும்பு சேர்ந்துவிடும். இதே ஆளிடம் பத்து வயதுப் பிள்ளைக்கு முழு போர்டு வாங்கிய இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். ஒருவர் வீட்டு ட்ரக்கிலும் அதே 144, அதே 203. கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். மற்றவர் இன்னும் அளக்கவில்லை, இன்று சாயங்காலம் அளந்து படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடமும் சந்தேகமாக ஒரு ஜோடி இருந்தால், ஓட்டாமல், ஸ்கேலோடு சேர்த்து ஆக்சிலைப் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.