1914 நோட்டு என்று நம்பி ஏமாந்தேன், நோட்கெல்ட் வாங்குபவர்கள் கவனிக்கவும்

ஜெர்மனியின் நோட்கெல்ட், அதாவது தட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே அடித்த அவசர நோட்டுகளைச் சேர்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அடுத்த நோட்டை வாங்குங்கள்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் அங்கே மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள், சில்லறைக்கு ஒரே தட்டுப்பாடு, அதனால் ஊர் நிர்வாகங்களும் தொழிற்சாலைகளும் தாங்களே நோட்டு அடித்து விட்டன. அப்போது ஜெர்மனியில் இருந்த ஆல்சேஸ், கிழக்குப் பிரஷ்யா பக்கம் வந்த அந்த முதல் நோட்டுகள் என்றால் எனக்கு உயிர். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. சாதாரணத் தாளில் தொகை, ஊர் முத்திரை, கையெழுத்து, அவ்வளவுதான். அடித்தவர்களின் அவசரம் அப்படியே தெரியும்.

இணையத்தில் ஒருவர் இருபது நோட்டுகளைப் போர்க்கால நோட்டுகள் என்று ஒரே கட்டாகப் போட்டிருந்தார். அதில் 1914 தேதியிட்ட இரண்டு மார்க் நோட்டு ஒன்று இருந்ததால்தான் மொத்தத்தையும் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் மற்ற பத்தொன்பதும் 1921இல் வந்தவை, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே ஊர்கள் வண்ணப் படம் போட்டு அடித்த தொடர் நோட்டுகள். அழகானவைதான், ஆனால் அப்போது போர் முடிந்தே மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்றும் மலிவாகவே கிடைக்கும்.

சரி, அந்த ஒன்றாவது இருக்கிறதே என்று லென்ஸை வைத்தேன். ஊதா முத்திரையின் மை தாளில் ஊறியிருக்க வேண்டாமா? நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். கையெழுத்திலும் அதே புள்ளிகள், பேனா அழுத்திய தடமே இல்லை. நடுவில் இருந்த பழுப்பு மடிப்புக்கோடுகூட அச்சில் வந்ததுதான், விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச் அடித்தேன், தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. தாளை வெள்ளையாகக் காட்ட இந்தக் காலத்தில் சேர்க்கும் ரசாயனம் அது, 1914 தாளில் இருக்க வழியே இல்லை.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். பழைய தாள் அப்படித்தான் இருக்கும் என்றார், பிறகு கட்டாக விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார், அதற்கப்புறம் பதிலே இல்லை. இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணம் போனது.

கட்டாக வாங்காதீர்கள். ஒவ்வொரு நோட்டிலும் என்ன தேதி இருக்கிறது என்று கேளுங்கள், முத்திரையை நெருக்கமாக எடுத்த படமும் பின்பக்கப் படமும் கேளுங்கள், முடிந்தால் புற ஊதா ஒளியில் எடுத்ததையும். அனுப்பத் தயங்கினால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். ரத்து செய்ததற்கு அடையாளமாக ஓட்டை போட்ட நோட்டு வந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம், அடித்தவர்களே காசு கொடுத்துத் திரும்பப் பெற்ற நோட்டுகளில் அப்படிச் செய்வது உண்டு.

அந்தப் போலியை நான் விற்கப் போவதில்லை. என் கையை விட்டு எங்கே போனாலும் இன்னொருவர் ஏமாறக் கூடாது என்று பின்பக்கம் அழியாத மையில் ‘நகல்’ என்று எழுதிவிட்டேன்.