காண்டனீஸ் பேச்சில் நேரமும் திட்டமின்மையும்: ஒரு குறும்பாடம் பற்றிய மதிப்புரை

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான காண்டனீஸை அன்றாட உரையாடல் அளவுக்குக் கற்றுக்கொண்டவரையும் தடுமாற வைப்பது நேரத்தைப் பற்றிய பேச்சு. அதற்கென்றே ஓர் ஆசிரியை இணையவழியில் சிறு குழுக்களுக்கு நடத்தும் குறும்பாடத்தில் சேர்ந்து படித்தேன். மிகுந்த பயன் பெற்றேன்.

பாடத்தின் சிறந்த பகுதி கடிகாரம். முகப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு ‘ஜி’, அதாவது ஐந்து நிமிடம். ‘ஸாம் தீம் பாத் கோ ஜி’ என்றால் மூன்று மணி எட்டு ஜி, அதாவது 3.40. பேச்சில் கடைசி இரு சொற்களும் உதிர்ந்து ‘ஸாம் தீம் பாத்’ என்று மட்டுமே காதில் விழும் என்பதையும், அதை 3.08 என்று எடுத்துக்கொண்டால் சந்திப்புக்கு அரைமணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் போய் நிற்க நேரும் என்பதையும் ஆசிரியை பல உரையாடல்கள் வழியாகப் பழக்குகிறார். அரைமணியை மட்டும் ஆறு ஜி என்று சொல்லாமல் ‘புன்’ என்பார்கள்.

அடுத்து வருவது திட்டமிடாதவர்களைச் சாடும் தொடர்கள். இறுதி நேரத்தில் பரபரப்பதை ‘லம் கப் போ ஃபத் கெயுக்’, அதாவது அவசரம் வந்ததும் புத்தரின் காலைப் பிடிப்பது, என்கிறார்கள். (தாகம் எடுத்த பின் கிணறு தோண்டுவது என்னும் நம் வழக்கு, சீன எழுத்து வழக்கிலும் அப்படியே உண்டு.) வருவதாகச் சொல்லி வராமல் ஏமாற்றுவது ‘ஃபோங் ஃபேய் கேய்’, விமானம் விடுவது, ஏற்பாடு சொதப்புவது ‘லத் லுக்’, சக்கரம் கழன்றுபோவது. எல்லாம் முடியும் தறுவாயில் கெடுவதை, விடியும் நேரத்தில் படுக்கையை நனைப்பதாகச் சொல்லும் ‘லம் தின் குவோங் லாய் நியு’ நண்பர்களிடம் செல்லும், மேலதிகாரியிடம் செல்லாது என்ற எச்சரிக்கையையும் உடன் தருவது பாராட்டத்தக்கது.

குறை ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. காண்டனீஸை ரோமன் எழுத்தில் எழுத 1993-இல் ஹாங்காங் மொழியியல் கழகம் வகுத்த ஜ்யுட்பிங் முறையில் ஆறு தொனிகளும், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களும், எண்களால் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் பதிவுகள் அனைத்தும் நிதானமான வாசிப்பாக இருப்பதால், ஆறாம் தொனியிலுள்ள ‘ஜி’யையும் தாளைக் குறிக்கும் இரண்டாம் தொனி ‘ஜி’யையும் விரைந்த பேச்சில் பிரித்தறியும் பயிற்சி கிடைப்பதில்லை. தொடக்கநிலையினர் தொனிகளில் ஓரளவு தேறிய பின்னர் சேர்வது நல்லது. ஹாங்காங் அலுவலகங்களில் பணிபுரிவோர் தயங்காமல் இப்போதே சேரலாம்.