சென்னையிலிருந்தா, சிங்கப்பூரிலிருந்தா? டிக்கெட் விலையைத் தாண்டிய கப்பல் கணக்கு

கப்பல் பயணம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் போனை எடுத்து விலையைத்தான் பார்க்கிறோம். "ஒருவருக்கு இவ்வளவு" என்று கண்ணில் படும் தொகை, பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு, இருவர் தங்கும் கணக்கில், துறைமுக வரியும் டிப்ஸும் சேராமல் போட்டது. அதை வைத்து எந்தக் கப்பல் மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. டிக்கெட்டில் என்னென்ன அடங்கும், அதில் உங்கள் வீட்டார் எதைப் பயன்படுத்துவார்கள், இறங்கும் ஊரில் எவ்வளவு செலவாகும் என்று கூட்டிப் பார்த்தால் மலிவு எது என்ற வரிசையே மாறிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று வாய்ப்புகள். சென்னையிலிருந்து கார்டிலியாவின் எம்ப்ரஸ். சிங்கப்பூரிலிருந்து, 2025 வரை ரிசார்ட்ஸ் வேர்ல்ட் க்ரூசஸ் என்ற பெயரில் இருந்த ஸ்டார்ட்ரீம் க்ரூசஸின் கெண்டிங் ட்ரீம். அதே சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள். ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் என்று இந்த வகையில் எது வரும் என்பது சீசனுக்குச் சீசன் மாறும்.

மூன்று கப்பல், மூன்று அளவு

எம்ப்ரஸ் 1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல். நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனிடம்தான் முதலில் ஓடியது. சுமார் 48,500 டன். கெண்டிங் ட்ரீம் 2016-ல் ஜெர்மனியில் கட்டப்பட்டது, சுமார் 1,50,000 டன். குவாண்டம் வகை 1,68,000 டன்னையும் தாண்டும். இந்த 'டன்' எடையைக் குறிப்பதல்ல, கப்பலின் உள் கொள்ளளவைக் குறிப்பது. அதனால்தான் இது பயணிக்கு நேரடியாகப் பொருள்படும் எண். எம்ப்ரஸில் அறைகள் சிறியவை, பால்கனி அறைகள் குறைவு, நீச்சல் குளத்தடியில் மாலை நேரத்தில் நெரிசல் இருக்கும். ஆனால் முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களுக்கு இந்தச் சிறிய அளவே வசதி. சாப்பாட்டுக் கூடம், மேடை, அறை எல்லாம் சில நிமிட நடைக்குள் முடிந்துவிடும். குவாண்டம் கப்பலில் முன்கோடியிலிருந்து பின்கோடிக்கு நடப்பது ஒரு தெருவையே கடப்பது போல.

எம்ப்ரஸ் ஆண்டு முழுவதும் சென்னையில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் மும்பையை விட்டு நம் பக்கம் வருகிறது. 2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைப் பயணம் ஆரம்பமானது. எனவே பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து இதில் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதலில் அந்த ஆண்டு அட்டவணையைப் பாருங்கள், பிறகு லீவு எழுதிக் கொடுங்கள்.

சாப்பாடு

நம் வீடுகளில் பாதி முடிவு இங்கேதான். கார்டிலியாவில் கவலையே இல்லை. சமையல் இந்தியப் பயணியை மனத்தில் வைத்துத்தான், ஜைன உணவுகூடக் கிடைக்கும். கெண்டிங் ட்ரீமின் லிடோ பஃபேயில் ஹலாலுக்கும் இந்திய சைவத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதிக்கு இதைத் தேர்ந்தெடுக்க இது ஒரு பெரிய காரணம். ராயல் கரீபியனில் பிரதான உணவுக்கூடத்தில் இரவு நேரத்தில் இந்திய சைவ வகை ஏதாவது இருக்கும். சுத்த சைவக்காரர் உங்களோடு வந்தால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் இரவு மேசைப் பணியாளரிடமும் தலைமைப் பணியாளரிடமும் நேரில் சொல்லுங்கள். அடுத்த நாளிலிருந்து தனியாகச் செய்து கொடுப்பார்கள். சொல்லாமல் பஃபேயை மட்டும் நம்பினால் மூன்றாம் நாள் அப்பா ரொட்டியும் பழமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சமாளிக்க மின் கெட்டில் எடுத்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான கப்பல்களில் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் தீ அபாயம் காரணமாகத் தடை. ஏறும்போதே ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவும் உள்ளே போகாது. பாக்கெட் பிரிக்காத பிஸ்கட், முறுக்கு வகைகளுக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை.

நான்கு பேர், ஒரு அறையா, இரண்டா?

அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். ஒரே அறையில் நான்கு பேர் என்று பதிந்தால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். விளம்பரங்களில் இதைத்தான் சலுகை என்று பெரிதாகப் போடுவார்கள். அந்த இரண்டு பேருக்கும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் படுக்கைதான் கிடைக்கும். இரவு அவை இறங்கிவிட்டால் அறையில் நிற்க இடம் இருக்காது. காலையில் ஒரே குளியலறைக்கு நான்கு பேர் வரிசை.

இதற்கு எதிராக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு பால்கனி அறை என்ன விலை, அடுத்தடுத்த இரண்டு உள்ளறைகள் என்ன விலை? பல தேதிகளில் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். என் கட்சி இரண்டு உள்ளறைகள்தான். இரண்டு குளியலறை, நான்கு நல்ல படுக்கை, பிள்ளைகள் தூங்கிய பிறகும் பெரியவர்கள் விளக்கைப் போட்டுக்கொள்ளும் வசதி. நான்கு இரவில் பால்கனியில் உட்காரும் நேரம் மிகக் குறைவு, மேல்தளத்துக் கடற்காற்று எல்லோருக்கும் இலவசம். குவாண்டம் வகையில் சில உள்ளறைகளில் தரையிலிருந்து கூரைவரை நீளும் திரையில் வெளிக்கடலை நேரலையாகக் காட்டுகிறார்கள். உள்ளறை என்றால் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

பணம் தடையில்லை, பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் போல ஒரு விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்றால் கெண்டிங் ட்ரீமின் 'தி பேலஸ்' பகுதியைப் பாருங்கள். கப்பலுக்குள்ளேயே தனி உணவகம், தனிக் குளம், பட்லர் சேவை, ஏறி இறங்க முன்னுரிமை. மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் உள்ள கப்பலில் வரிசையில் நிற்காமல் இருப்பதுதான் வயதானவர்களுக்கு உண்மையான சொகுசு.

அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, கப்பல்காரர்களே ஒதுக்கட்டும் என்று விட்டுவிடலாமா? ஒதுக்கட்டும் என்றால் விலை குறையும். கடல் ஒத்துக்கொள்ளாதவர் கூட வந்தால் அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட வேண்டாம். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறைதான் குறைவாக ஆடும். தளப் படத்தை விரித்து, தலைக்கு மேலே நீச்சல் குளமும் காலுக்குக் கீழே அரங்கமும் இல்லாத அறையாகத் தேடுங்கள். விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் அலாரத்தைவிட மோசம்.

டிக்கெட்டுக்கு வெளியே போகும் பணம்

முதலில் டிப்ஸ். ராயல் கரீபியனில் 2023 நவம்பரிலிருந்து சாதாரண அறைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர். குழந்தைக்கும் இதே தொகைதான். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 296 டாலர். ரூபாயில் கால் லட்சம். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்க்காதவர்கள்தான் அதிகம். கெண்டிங்கிலும் கார்டிலியாவிலும் சேவைக் கட்டணம் உண்டு. பதிவின் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா, கப்பலில் கட்ட வேண்டுமா என்று பார்த்த பிறகே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

அடுத்து பான பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுப் பானங்களை வாங்கிக் குடிக்கும் திட்டம். ராயல் கரீபியனில் ஒருவர் மதுபான பேக்கேஜ் எடுத்தால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்பது விதி. கணவர் மட்டும் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்கிற வீட்டுக்கு இது நேரடி நஷ்டம். விலையின் மேல் 18 சதவீத சேவைக் கட்டணமும் ஏறும். கரை இறங்கும் நாளில் பகல் முழுவதும் வெளியில்தான் இருப்பீர்கள், அந்த நாளுக்கும் பணம் போகும். மூன்று கப்பலிலும் என் யோசனை ஒன்றுதான்: நம்மவர் பெரும்பாலோருக்கு பேக்கேஜ் வேண்டாம், வேண்டியதை அவ்வப்போது வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்தில் தண்ணீர், டீ, சாதாரண காபி டிக்கெட்டிலேயே அடங்கும்.

பேக்கேஜ் வேண்டும் என்று முடிவெடுத்தால் கப்பலில் ஏறிய பிறகு வாங்காதீர்கள். ராயல் கரீபியனின் இணையதளத்தில் பயணத்துக்கு முன்பே வாங்குவது பெரும்பாலும் மலிவு. விலை பிறகு குறைந்தால் ரத்து செய்துவிட்டுப் புது விலைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வைஃபைக்கும் இதே வழிதான். நான்கு பேருக்கும் தனித்தனியாக எடுப்பதைவிட ஒரு சாதனத்துக்கு எடுத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வாட்ஸ்அப் அளவுக்குப் போதும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கப்பல் கிளம்பியதும் எல்லோர் போனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்போன் வலையமைப்போடு போன் தானாக இணைந்துவிட்டால் ரோமிங் பில் கண்ணைக் கட்டிவிடும்.

கப்பல் செலவுக்கான கணக்கைத் தொடங்கும்போது டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், பயணம் முடிந்து நாள்கள் ஆனாலும் அது விடுபடாது. கிரெடிட் கார்டு என்றால் வரம்பில்தான் குறையும், கையிருப்பில் அல்ல.

ஒரே நிறுவனத்தில் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குப் புள்ளி கொடுத்துச் சலுகை தரும் விசுவாசத் திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ராயல் கரீபியனின் க்ரௌன் அண்ட் ஆங்கரில் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறைக்கு இரண்டு. தினமும் நான்கு இலவச பானம் தரும் டயமண்ட் நிலைக்கு 80 புள்ளி வேண்டும். நான்கு இரவுப் பயணமாகப் போனால் இருபது பயணம். இலவசம்தான், சேர்ந்து வையுங்கள். அதற்காக ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

இறங்கும் ஊர்

இங்கேதான் விலை குறைந்த கப்பல் விலை கூடியதாகும், கூடியது குறைந்ததாகும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் ஒட்டி நிற்கும். இறங்கி நடந்தாலே ஜார்ஜ் டவுன், கால் மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், தெருவெங்கும் இலைச் சாப்பாடு. கப்பல் விற்கும் சுற்றுலா இங்கே தேவையே இல்லை. போர்ட் கிளாங் அப்படியல்ல. கோலாலம்பூர் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம், பத்துமலை அதற்கும் அப்பால். இங்கே கப்பலின் சுற்றுலாவை எடுப்பதில் அர்த்தம் உண்டு. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலமுறை கடலில் நின்று சிறு படகில் கரை சேர்க்கும். படகில் ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் கப்பலிலேயே இருந்துவிட நேரும்.

இலங்கைப் பயணத்தில் அம்பாந்தோட்டை காட்டு சஃபாரிக்காரர்களின் துறைமுகம், யால அங்கிருந்துதான். திருகோணமலை என்றால் பாறை முனையில் கோணேசுவரம். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை நகுலேசுவரம் பக்கத்திலேயே, நல்லூர் ஒரு மணி நேரத்துக்குள். கோயில் பார்க்கும் ஆசையோடு வரும் பெற்றோருக்கு, எத்தனை வசதி குறைந்தாலும், நான் எம்ப்ரஸின் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் எந்தத் துறைமுகமும் கைவிடப்படலாம் என்பதை நினைவில் வையுங்கள். 2022 ஜூனில் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் எம்ப்ரஸ் பயணிகளை இறக்காமலே போனது. டிக்கெட்டின் சிறு எழுத்தில் அந்த உரிமை கப்பல்காரர்களுக்கு உண்டு.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கார்டிலியாவின் உள்நாட்டுப் பயணத்தில், அதாவது கடலுக்குள் போய்ச் சென்னைக்கே திரும்பும் வகையில், அரசு அடையாள அட்டையோடு போகலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் மலேசியா போய்த் திரும்பி மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் திரும்பும்போது மீண்டும் நிரப்ப வேண்டும்.

யாரிடம் பதிவது?

நேரடி இணையதளம், ஊர் ஏஜென்ட், இரண்டிலும் விலை பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் கிரெடிட் தருவார். கேட்டால்தான் தருவார், கேளுங்கள். பதிலுக்கு, தேதி மாற்றம், அறை மாற்றம் எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். கப்பல் நிறுவனம் உங்களோடு நேரே பேசாது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காத ஏஜென்ட் என்றால் அந்த கிரெடிட்டால் பயனில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன் விலை இறங்கினால் பழைய பதிவைப் புது விலைக்கு மாற்றித் தருவாரா? எழுத்தில் "தருகிறேன்" என்பவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் நேரடியாகப் பதிந்து வாரத்துக்கு ஒருமுறை நீங்களே விலையைப் பாருங்கள்.

பெயரையும் கவனியுங்கள். நம் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள், உறுதிச் சீட்டு வந்த அன்றே ஒப்பிடுங்கள். கிளம்பும் நாளில் கவுண்டரில் நின்று "எஸ் என்றால் சுப்பிரமணியம்" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பயணம் முடியும்போது வரவேற்பு மேசையில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். இறங்கும் நாள் காலை ஏழு மணிக்கே இருபது, முப்பது பேர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மினிபாரில் எடுக்காத கோலா, இரண்டு முறை ஏறிய புகைப்படம், பக்கத்து அறைக்காரர் குடித்த காபி. பெரும்பாலானவை உண்மையான பிழைகள், கேட்டால் உடனே நீக்கிவிடுவார்கள். அதற்கு முந்தைய மாலையே அறை டிவியிலோ செயலியிலோ கணக்கைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள். அப்போது மேசையில் இரண்டு பேர்தான் நிற்பார்கள். கப்பலை விட்டு இறங்கிவிட்டால் அதே கோலாவுக்காக மின்னஞ்சலில் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்க நேரும்.