கிசான் விகாஸ் பத்திரம் போடப் போனோம்

விடுமுறையில் ஊருக்குப் போகும் என்.ஆர்.ஐ.க்கள் (வெளிநாடுவாழ் இந்தியர்கள்) முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தபால் ஆபீஸில் போடும் என்.எஸ்.சி. (தேசிய சேமிப்புப் பத்திரம்), கிசான் விகாஸ் பத்திரம், வட்டி அவ்வப்போது மாறும் ரிசர்வ் வங்கியின் மிதவை வட்டிப் பத்திரம் எதையும் நம் பெயரில் வாங்க முடியாது. வெளிநாடு போகும் முன்பே போட்டு வைத்த என்.எஸ்.சி. இருந்தால் முதிர்வு வரை விட்டு வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் அம்மாவின் பணத்தை அம்மாவின் பெயரிலேயே போடலாம் என்று டல்லாஸிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

சிறுசேமிப்பு ஏஜென்ட் அக்கா ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். ஆதார், பான், போட்டோ, நாமினி விவரம், எல்லாம் பத்து நிமிட வேலை. தபால் ஆபீஸில்தான் பொறுமை வேண்டியிருந்தது. சர்வர் வரும், போகும். கவுண்டரில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார், அதற்கு ஒரு நன்றி. கிசான் விகாஸ் பத்திரத்துக்கு அன்று 7.5 சதவீத வட்டி, 115 மாதத்தில் இரட்டிப்பு. ஏறக்குறைய ஒன்பதரை வருஷம்.

கடைசியில் பாஸ்புக் வந்தது. பிரிண்டர் முதல் வரியை மேலே இருந்த தலைப்பின் மீதே அடித்திருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பத்திரம் எங்கே?”

“இதுதாம்மா. சர்டிபிகேட் எல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சு.”

2016 ஜூலையோடு அச்சடித்த பத்திரம் போயிற்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2012 ஜனவரியிலிருந்து வங்கிகளில் காகிதச் சேமிப்புப் பத்திரம் கிடையாது. வரி ரீஃபண்டுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் ஒரு வழி மட்டும் இருந்தது, 2025 ஜனவரியோடு அதையும் மூடிவிட்டார்கள். ‘ஐ வரிசை’ (Series I) என்ற அந்த ரீஃபண்டுப் பத்திரங்களில் ஹெலன் கெல்லர், மார்ட்டின் லூதர் கிங், ஐன்ஸ்டைன் என்று முகங்கள் இருக்கும். ஐன்ஸ்டைன் இருப்பது ஆயிரம் டாலர் பத்திரத்தில்!

மாமா விஷயம் வேறு. நாணயம், தபால்தலையோடு பழைய காகிதப் பத்திரங்களையும் சேர்ப்பவர். அவர் ஃபைலில் ஓர் இந்திரா விகாஸ் பத்திரம், 500 ரூபாய். 1986-ல் வந்த திட்டம் அது. 250 கட்டினால் ஐந்து வருஷத்தில் 500. நாசிக் அச்சகத்தின் நுணுக்கமான கோலக் கோடுகள், தபால் ஆபீஸ் முத்திரை, தேதி. வாங்கியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. கையில் வைத்திருப்பவருக்குத்தான் பணம். தொலைந்தால் தொலைந்ததுதான், நகல் கிடையாது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் இது ரூபாய் நோட்டு மாதிரி என்றே சொல்லிவிட்டது. கறுப்புப் பணம் ஒளிய வசதியான இடம் என்ற பேச்சு திட்டம் இருந்த காலத்திலேயே உண்டு. 1999-ல் திட்டத்தை நிறுத்தினார்கள்.

சேகரிப்பவர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு மோகம் என்பது அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பணம் வாங்க வேண்டுமானால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆக, ஃபைலில் ஒரு பத்திரம் தங்கியிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் பணத்தை வாங்காமல் விட்டிருக்கிறார். தபால்தலைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

“ஏன் மாமா, அப்பவே மாத்தியிருக்கலாமே?”

“ஐந்நூறு ரூபா எங்க வேணா கிடைக்கும் மாப்ளே. இது கிடைக்குமா?”

ஆனாலும் அம்மாவுக்குப் பாஸ்புக்தான் நல்லது என்பேன். தொலைத்தால் இன்னொன்று தருவார்கள், நாமினி பெயர் கணினியில் இருக்கிறது, முதிர்வு நாளில் பணம் சேமிப்புக் கணக்குக்கே வரும்படி செய்துகொள்ளலாம். அழகுக்காகப் பத்திரம் கேட்பது மாமா போன்றவர்கள் வேலை.

நமக்கென்று அரசுப் பத்திரம் வேண்டுமானால் தனிநபர்கள் இணையத்தில் நேரடியாக வாங்கும் ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் திட்டம் இருக்கிறது. 2021 நவம்பரில் தொடங்கியது, என்.ஆர்.ஐ.க்களும் சேரலாம், கணக்கு திறக்கக் கட்டணம் இல்லை, பத்தாயிரம் ரூபாயிலிருந்து போடலாம். பான் கார்டையும் இந்திய வங்கிக் கணக்கையும் ஊரில் இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் இருக்கும் செல்பேசி எண் பழையதாக இருந்தால் ஓ.டி.பி. வராது.